நசுங்கிய தொப்பியும் நனைந்த செல்லுலோஸும்

ஈக்வடார் நாட்டின் கடற்கரையில் மனாபி என்றொரு மாகாணம் இருக்கிறது. அங்கே மோன்டேகிரிஸ்தி ஊரையடுத்த பிலே கிராமத்தில்தான் உலகின் மிக நுண்ணிய ஓலைத் தொப்பிகளைப் பின்னுகிறார்கள். சாதாரணத் தொப்பியை ஒரே நாளில் முடித்துவிடலாம். இழை மெலிய மெலிய நாள் கூடும்; மிக உயர்ந்த ரகத்துக்கு எட்டு மாதம்கூட ஆகும். அப்படிப்பட்ட தொப்பி பின்னுகிறவர்கள் விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும்தான் வேலை செய்வார்கள். வெயில் ஏறிவிட்டால் பின்னலை ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்கள். வேலை நடக்கும்போதும் விரல் நுனியை அடிக்கடி தண்ணீரில் தொட்டுக்கொள்வார்கள். காய்ந்த காற்றில் இழை விறைத்து முறிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். எந்த வேதியியல் நூலும் இதை அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

உலகம் ‘பனாமா தொப்பி’ என்று சொல்வது இதைத்தான். பிறந்த மண் ஈக்வடார். 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி விற்பனைக்குப் போன வழி பனாமா. 1906இல் பனாமா கால்வாய் வேலையைப் பார்க்க வந்த அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இந்தத் தொப்பியோடு எடுத்துக்கொண்ட படம் அந்தப் பெயரை நிலைக்கச் செய்துவிட்டது. 2012இல் யுனெஸ்கோ இந்தப் பின்னல் கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

இவ்வளவு பாடுபட்டுப் பின்னிய தொப்பி ஒரு பயணப் பெட்டியின் அடியில் கிடந்து நசுங்கி வெளியே வருகிறது. தலை நுழையும் கூடு ஒருபக்கம் உள்வாங்கியிருக்கிறது. விளிம்பு அலையலையாக நெளிந்திருக்கிறது. பலர் அதை அப்படியே கையால் நிமிர்த்தப் பார்க்கிறார்கள். சில இழைகள் படபடவென்று முறிகின்றன. வேறு சிலர் வாளித் தண்ணீரில் முக்கியெடுத்து வெயிலில் போடுகிறார்கள். காய்ந்ததும் தொப்பி முன்பைவிடக் கோணலாக நிற்கிறது. முதலாமவர் தண்ணீரை மறந்தார். இரண்டாமவர் நேரத்தை மறந்தார். நசுங்கிய ஓலைத் தொப்பி பழைய உருவுக்குத் திரும்ப மூன்று கட்டங்கள் உண்டு: ஈரம் உள்ளே போக வேண்டும், வடிவத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும், பிடித்த பிடியிலேயே ஈரம் வெளியேற வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் கைவிடுகிறார்கள். உண்மையில் வடிவம் உருவாவதே அந்தக் கட்டத்தில்தான்.

ஏன் என்று புரிந்துகொள்ள அந்த இழைக்குள் போக வேண்டும்.

பனாமா தொப்பிக்கு இழை தரும் செடியின் பெயர் கார்லுடோவிகா பால்மாட்டா. பார்த்தால் விசிறிப் பனை போலிருக்கும். ஆனால் தாவரவியல்படி அது பனைக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஸ்பெயின் அரசர் நான்காம் கார்லோஸ், அரசி மரியா லூயிசா இருவரின் பெயரையும் சேர்த்து 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ருயிஸ், பாவோன் என்ற தாவரவியலாளர்கள் சூட்டிய பெயர் அது. இலை விரிவதற்கு முன்பே குருத்தாக வெட்டிக் கீறி, கொதிநீரில் போட்டு எடுத்து, கொடியில் தொங்கவிடுவார்கள். காயும்போது ஒவ்வொரு கீற்றும் தன் ஓரங்களை உள்நோக்கிச் சுருட்டிக்கொண்டு உருண்டையான இழையாகிறது. ஆக, தொப்பியாவதற்கு முன்பே சூடும் நீரும் உலர்தலும் சேர்ந்து அந்த ஓலைக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்துவிடுகின்றன.

நம் ஊரில் பனையோலைப் பெட்டி முடைகிறவர்களும் காய்ந்த ஓலையை நனைத்துப் பதமாக்கிக்கொண்டுதான் உட்காருவார்கள். குருத்தோலை ஞாயிறன்று தேவாலயத்தில் பச்சைக் குருத்தில் மடித்துச் செய்யும் சிலுவை அடுத்த ஆண்டுவரை பிரியாமல் சுவரில் நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். பசையும் இல்லை, நூலும் இல்லை. மடித்த நிலையிலேயே ஈரம் போயிற்று, மடிப்பு நிலைத்துவிட்டது.

ஓலையோ, வைக்கோலோ, ராஃபியாவோ, மரமோ, எல்லாச் செடிகளின் செல் சுவரிலும் மூன்று பொருள்கள் முதன்மையானவை: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். செல்லுலோஸ் நீண்ட சங்கிலி மூலக்கூறு. பல சங்கிலிகள் வரிசையாக அடுக்கி, ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் மூன்று பங்கே தடிமனுள்ள நுண்ணிழைகளாகின்றன. நல்ல வலு, எளிதில் நீளாது. அந்த நுண்ணிழைகளுக்கு இடையே ஒழுங்கற்றுப் பரவிக் கிடப்பவை மற்ற இரண்டும். ஓலையின் விறைப்பையும் வளைவையும் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த இடைநிரப்பிதான்.

இடைநிரப்பி காய்ந்திருக்கும்போது கண்ணாடி போன்ற நிலையில் இருக்கிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொண்டு நகராமல் நிற்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு தனித்துப் பார்த்தால் பலவீனமானது. செல்லுலோஸ் சங்கிலியை உள்ளுக்குள் கட்டியிருக்கும் சகப்பிணைப்போடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு வலுகூட இருக்காது. ஆனால் எண்ணிக்கை கோடானுகோடி. அங்கே ஒரு நீர் மூலக்கூறு நுழைந்தால் இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து, இருபக்கத்துப் பிடியையும் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்குகின்றன. கண்ணாடி நிலை ரப்பர் நிலையாகிறது. பொரித்த அப்பளம் மழை நாளில் டப்பாவைத் திறந்த சிறிது நேரத்தில் நமத்துப்போகிறதே, அங்கே மாவுச்சத்தில் நடப்பதும் இதே மாற்றம்தான்.

இந்த மாற்றம் எந்த வெப்பநிலையில் நடக்கிறது என்பதைக் கனடாவில் காகிதக்கூழ் ஆய்வு செய்த கோரிங் 1963இல் அளந்து வெளியிட்டார். காய்ந்த லிக்னின் இளக ஏறக்குறைய 130 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ வேண்டும். நீர் ஊறியதும் அது 100 டிகிரியை ஒட்டி இறங்கிவிடுகிறது. சில மாதிரிகளில் 80க்கும் கீழே. ஹெமிசெல்லுலோஸ் ஈரத்தில் இன்னும் எளிதாக இளகுகிறது. படிகமாக அடுக்கிய செல்லுலோஸ் மட்டும் 200 டிகிரிக்கு மேலும் அசைவதில்லை. தண்ணீர் அதைப் பெரிதாக மாற்றுவதுமில்லை. இந்த எண்கள் நம் வேலைக்கு எவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கின்றன என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. கொதிக்கும் தண்ணீரிலிருந்து வரும் ஆவி ஓலையைத் தொடும்போது இடைநிரப்பி இளகுகிறது; முதுகெலும்பான செல்லுலோஸ் அப்படியே நிற்கிறது. தொப்பி வளையும், ஆனால் கரையாது.

ஆவிக்கு இன்னொரு பலமும் உண்டு. 100 டிகிரியில் ஒரு கிராம் ஆவி தண்ணீராகக் குளிரும்போது ஏறக்குறைய 2,260 ஜூல் வெப்பத்தை விடுகிறது. அதே ஒரு கிராம் வெந்நீர் 100இலிருந்து 40 டிகிரிக்கு ஆறினால் கிடைப்பது 250 ஜூல்தான். மெல்லிய ஓலையின் மேல் படியும் ஆவி, துளி ஈரத்தோடு பெரும் வெப்பத்தையும் கொண்டுவந்து கொடுக்கிறது. அதனால்தான் முப்பது விநாடி ஆவியில் இளகும் இழையைக் குளிர்ந்த நீரில் நெடுநேரம் ஊறவைக்க வேண்டியிருக்கிறது. அதே காரணத்தால்தான் ஆவி பட்ட கை வெந்நீர் பட்டதைவிட மோசமாக வெந்துபோகிறது.

இனி மூன்றாவது கட்டம். 1960இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆர்ம்ஸ்ட்ராங், கிங்ஸ்டன் இருவரும் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். எடையைத் தாங்கி நிற்கும் மரச் சட்டம் ஈரமாகவே இருந்தால் ஓரளவு தொய்யும். காய்ந்தே இருந்தால் குறைவாகத் தொய்யும். ஆனால் எடை ஏற்றிய நிலையிலேயே ஈரச் சட்டம் காய்ந்தால், எப்போதும் ஈரமாக இருந்ததைவிடவும் அதிகமாகத் தொய்கிறது. தொய்வைப் பெருக்குவது ஈரத்தின் அளவு மட்டுமல்ல, ஈரம் மாறுவதும்தான். நீர் மூலக்கூறு வெளியேறும்போது சங்கிலிகளின் பழைய பிணைப்பு அறுந்து, அந்த நேரத்தில் யார் அருகில் இருக்கிறார்களோ அவர்களோடு புதிய பிணைப்பு உண்டாகிறது. அந்த நேரத்தில் பொருள் எந்த வடிவத்தில் நிற்கிறதோ அந்த வடிவம் உள்ளே பதிகிறது.

மழையே காணாத தொப்பி ஆணியில் தொங்கியபடியே கோணலாவதற்கும் இதுதான் காரணம். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் மரத்துக்குள் அதன் உலர் எடையில் 6 சதவீதம் அளவுக்கு நீர் இருக்கும். 65 சதவீதமானால் 12. ஓலையும் இந்தப் போக்கிலேயே நடக்கும். இரவில் நீரை வாங்கிப் பகலில் விடுகிறது. ஆணி குத்தும் ஒற்றைப் புள்ளியில் தொப்பியின் எடை முழுவதும் தொங்க, ஒவ்வொரு நாளும் ஒரு ஈரச் சுற்று. ஒரு பருவம் முடிவதற்குள் கூட்டின் உச்சியில் ஒரு மேடு முளைத்திருக்கும். கெடுக்கும் அதே விதியை நாம் திருத்துவதற்குப் பயன்படுத்தப் போகிறோம்.

அதற்கு முன் கொஞ்சம் வடிவியல். நெளிந்த விளிம்பு ஏன் லேசில் படியாது என்று தெரியாமல் இஸ்திரிப் பெட்டியை எடுக்கக் கூடாது.

1878இல் பாரிஸில் ரஷ்யக் கணிதமேதை செபிஷேவ் துணி வெட்டுவதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். நெய்த துணியின் நூல்கள் நீள்வதில்லை. குறுக்கும் நெடுக்குமான நூல்களுக்கு இடையிலுள்ள கோணம் மட்டும் மாறுகிறது. அந்தக் கோண மாற்றத்தை வைத்தே தட்டையான துணி உருண்டையைப் போர்த்துகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். தொப்பிக்கும் இது பொருந்தும். நசுங்கிய கூட்டில் பெரும்பாலும் இழைகள் நீளவில்லை. கோணங்கள் சாய்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். எனவே அதைத் திருப்ப முடியும்.

பின்னுகிறவர் இதைக் கையாலேயே அறிவார். உச்சியில் சிறிய பூவாகத் தொடங்கி, வட்டம் பெரிதாகப் பெரிதாகப் புதுப்புது இழைகளை நுழைத்துக்கொண்டே போவார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நுழைத்த இடங்கள் வளையம் வளையமாகத் தெரியும். தலையளவு வந்ததும் புதிய இழை சேர்ப்பதை நிறுத்துவார். சுற்றளவு கூடாததால் பின்னல் தானாகவே கீழே இறங்கிச் சுவராகும். விளிம்பு வரும்போது மறுபடி இழை சேர்ப்பார். பின்னல் வெளியே விரியும். சேர்க்கும் வேகம் சரியாக இருந்தால் விளிம்பு தட்டையாக இருக்கும். அதிகமானால் அலை எழும். குறைந்தால் குடைபோல் கவியும்.

இப்போது கணக்கு. விளிம்பின் வெளியோரம் மையத்திலிருந்து 16 செ.மீ. தூரத்தில் இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய 100 செ.மீ. ஈரமாக இருக்கும்போது அந்த ஓரத்தைப் பிடித்து இழுத்து, பின்னல் தளர்ந்து, 2 செ.மீ. மட்டும் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெறும் 2 சதவீதம். ஆனால் அந்தக் கூடுதல் நீளம் தட்டையான வட்டத்துக்குள் அடங்க முடியாது. நான்கு அலைகளாக அது நெளிந்தால், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே 2 செ.மீ.க்கு மேல் உயர வித்தியாசம் வரும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் நெளிவுக்குப் பின்னால் மிகச் சிறிய நீட்சிதான் இருக்கிறது. அதை மேலிருந்து அழுத்தினால் மட்டும் போதாது. ஓரத்தின் நீளம் குறைய வேண்டும். ஈரமாக்கிய ஓரத்தை விரல்களால் மையத்தை நோக்கித் தள்ளி, தளர்ந்த பின்னலை நெருக்கி, பிறகு அழுத்த வேண்டும். நெளிந்த விளிம்பை வெளியே இழுத்து நேராக்க முயல்கிறவர்கள் அதை இன்னும் நீட்டி, அலையைப் பெரிதாக்குகிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் தொப்பி எதனால் ஆனது என்று பாருங்கள். சந்தையில் ‘ஓலைத் தொப்பி’ என்று விற்பவற்றில் பல முறுக்கிய காகிதத்தால் ஆனவை. உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் இழை நுனியை ஈர விரலால் தேய்த்தால் காகிதம் முறுக்கு அவிழ்ந்து விரியும். அதற்கு ஆவி மிகக் குறைவாகக் காட்ட வேண்டும், நனைத்தால் போயிற்று. பிளாஸ்டிக் இழை நீரை உறிஞ்சாது. அதற்கு இந்த முறை உதவாது. பல தொப்பிகளில் விறைப்புக்காக ஜெலட்டினோ வேறு பசையோ பூசியிருப்பார்கள். ஆவி பட்டதும் தொட்டால் பிசுபிசுக்கும். பயப்பட வேண்டாம், ஆறினால் மறுபடி இறுகும். தண்ணீரில் முக்கினால் அந்தப் பசை கரைந்து போய்விடும், தொப்பி துவண்டுவிடும். முக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளே தோல் பட்டை இருந்தால் அதை வெளிப்பக்கமாக மடித்து ஆவி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோலின் கொலாஜன் ஈரத்தோடு சூடும் சேர்ந்தால் சுருங்கிவிடும், பதனிட்ட முறையைப் பொறுத்து 70, 80 டிகிரியிலேயே சுருங்கும் தோல் உண்டு. ஓலையைப் போல அது திரும்பி வராது. தொப்பி சரியாகி, தலை நுழையாமல் போனால் யாருக்குப் பயன்?

தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் ஒரு சாண் தள்ளித் தொப்பியைப் பிடியுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கூடு நசுங்கிய இடத்துக்கு உள்பக்கமிருந்து ஆவி காட்டுவது நல்லது. அரை நிமிடத்தில் ஓலையின் குணம் மாறுவது விரலுக்குத் தெரியும்: காய்ந்தபோது எழுந்த மெல்லிய சரசரப்பு நின்று, துணியைத் தொடுவதுபோல் அமைதியாகிவிடும். அதுவரை கை வைக்காதீர்கள். பிறகு ஆவியிலிருந்து விலக்கி, உள்ளேயிருந்து உள்ளங்கையால் மெதுவாக வெளியே தள்ளுங்கள். விரல் நுனியால் குத்தக் கூடாது. ஒரே தடவையில் முழுவதும் நிமிராது. ஆவி காட்டி, கொஞ்சம் நிமிர்த்தி, மறுபடி ஆவி காட்டிச் செய்வதே முறை.

கடையில் இதற்கென மர அச்சு வைத்திருப்பார்கள். வீட்டில், தலையளவுள்ள கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் பொருத்தலாம். அல்லது துண்டைச் சுருட்டிக் கூட்டுக்குள் இறுக்கமாக அடைக்கலாம். சுருக்கமோ முடிச்சோ ஓலையில் படாதபடி துண்டின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். ஏனென்றால் அச்சில் உள்ள எல்லாமே தொப்பியில் பதியும். விளிம்புக்கு, ஈரமான வெள்ளைத் துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து வைத்து எடுங்கள்; தேய்த்து இழுக்காதீர்கள். இழுப்பு ஓரத்தை நீட்டும் என்பதை மேலே பார்த்தோம்.

பிறகு அப்படியே விட்டுவிடுங்கள். வெயிலும் வேண்டாம், முடி உலர்த்தும் கருவியும் வேண்டாம். வேகமாகக் காய்ந்தால் வெளிப்புறம் முதலில் இறுகி உள்ளே ஈரம் தங்கும். அச்சை எடுத்த பிறகு அந்த ஈரம் வெளியேறும்போது வடிவம் மீண்டும் நகரும். காற்றோட்டமான நிழலில் இரவு முழுவதும் அச்சிலேயே இருக்கட்டும். தொட்டால் காய்ந்ததுபோல் தோன்றினாலும் காலைவரை பொறுங்கள். ஆனால் காற்றோட்டம் கட்டாயம். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நீடிக்கும் மூடிய இடத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

எல்லாத் தொப்பியும் மீளாது. 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இழையை 10 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் வெளிப்புறம் 1 சதவீதம் நீள்கிறது. அது தாங்கும். அதே இழையை 2 மில்லிமீட்டர் ஆரத்தில் கூராக மடித்தால் 5 சதவீதம். காய்ந்த தாவர இழைகளில் பெரும்பாலானவை சில சதவீத நீட்சியிலேயே முறிந்துவிடும். கூட்டின் முன்பக்கத்தை இரண்டு விரலால் கிள்ளித் தொப்பியைத் தூக்கும் பழக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே மடிப்பில் ஒரே இழைகளை இந்த எல்லைக்குக் கொண்டுபோகிறது. பனாமா தொப்பிகள் முதலில் ஓட்டையாவது அந்த இடத்தில்தான். திரைப்படங்களில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அது தொப்பியைக் கொல்லும் பழக்கம்.

வெயிலும் மெல்ல மெல்லக் கெடுக்கிறது. புறஊதாக் கதிரால் லிக்னின் சிதைந்து மஞ்சளாகிறது. பல கோடைகளைக் கண்ட தொப்பி ஆவியில் இளகினாலும் வளைக்கும்போது உதிரும். அருங்காட்சியகங்களில் பழைய கூடைகளையும் தொப்பிகளையும் செப்பனிடுகிறவர்கள் அதனால்தான் கொதிக்கும் ஆவியைத் தவிர்த்து, ஈரத்தை ஆவியாக மட்டும் விடும் சவ்வுகளின் வழியே மெதுவாக ஈரப்பதமூட்டி, சிறுசிறு மெத்தைகளால் தாங்கி, நாள்கணக்கில் நிமிர்த்துகிறார்கள். தாத்தா காலத்துத் தொப்பி உங்களிடம் இருந்தால் கெட்டிலைத் தொடாதீர்கள். அந்தப் பொறுமையான வழியையே பின்பற்றுங்கள்.

தொப்பியைக் கழற்றும்போது விளிம்பைப் பிடித்துக் கழற்றுங்கள். மேசையில் வைக்கும்போது கூடு கீழே இருக்கும்படி தலைகீழாக வையுங்கள். விளிம்பின்மேல் எடை ஏறாது. ஆணியில் மாட்ட வேண்டாம், வெயிலில் நிற்கும் காருக்குள் விட வேண்டாம். முறிந்த இழையை எந்த ஆவியும் ஒட்டவைக்காது. ஆனால் வெறுமனே நசுங்கிய தொப்பியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு கெட்டில் தண்ணீரும் ஓர் இரவும் கொடுத்துப் பாருங்கள்.